பதில் பின்னால் வருகிறது

ஜூலை 15, 1991, திங்கள்

நேற்று இரவு சாப்பிடும்போது எங்கள் கம்பெனி பெயிண்ட் ஷாப்பில் நடந்த கதை ஒன்றைச் சொன்னேன். புதிதாகச் சேர்ந்த ஒருவனை, “ஸ்டோருக்குப் போயி கோடு போட்ட பெயிண்ட் ஒரு டப்பா வாங்கிகினு வா” என்று அனுப்பிவிட்டோம். ஸ்டோர்காரர் சிரிக்கவே இல்லையாம். “கோடு நெட்டுக்கா வேணுமா, குறுக்கா வேணுமா? போயி கேட்டுகினு வா” என்று திருப்பி அனுப்பிவிட்டார். அவன் மூச்சிரைக்க ஓடி வந்து எங்களிடமே கேட்டான்.

என் மனைவி கனகத்துக்குச் சிரித்துச் சிரித்து ரசம் புரையேறிவிட்டது. அமலா மட்டும் சிரிக்கவில்லை. தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குக் கொஞ்சம் அவமானம்தான். ஒன்பது வயதுப் பெண்ணைச் சிரிக்க வைக்க முடியாத அப்பன்.

இன்று காலை கிணற்றடியில் பல் துலக்கிக்கொண்டிருந்தவள் திடீரென்று “குறுக்கா!” என்று கத்தினாள். அப்புறம் ஒரே சிரிப்பு. பல்பொடி முழுவதும் உள்ளே போய்விட்டது. கனகம் ஓடிவந்து முதுகில் தட்டினாள், என்னை முறைத்தாள்.

என் நகைச்சுவையை இதுவரை யாரும் ராத்திரி முழுக்க வைத்திருந்து சிரித்ததில்லை. பெருமையாகத்தான் இருந்தது.

ஜூலை 16, செவ்வாய்

மத்தியானம் சாப்பிடும்போது அதே நினைவு மறுபடியும். கம்பெனி கேண்டீனில் தனியாகச் சிரித்தேன். சூப்பர்வைசர் எழுந்து வேறு பெஞ்சுக்குப் போய்விட்டார்.

ஜூலை 28, ஞாயிறு

மச்சான் குமாரவேல் வந்திருந்தான். கனகத்தின் தம்பி. ஸ்ரீபெரும்புதூரில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருக்கிறான். ரேடியோவைத் திறந்து மூடுவதால் எதைப் பற்றியும் கருத்துச் சொல்லலாம் என்று நினைப்பவன்.

அமலாவிடம், “இன்னா படிக்கற? இன்னா பாடம் நடக்குது? டீச்சர் பேரு இன்னா?” என்று மூன்று கேள்விகளை ஒரே மூச்சில் கேட்டான். அமலா அவன் வாயையே பார்த்தாள். பிறகு “தெரியல மாமா” என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். டீச்சர் பெயர் அவளுக்குத் தெரியாதா? ராஜலட்சுமி டீச்சர், ராஜலட்சுமி டீச்சர் என்று நாள் முழுவதும் சொல்கிறவள்தான்.

“மாமா, கொழந்தைக்கு ஞாபக சக்தி கம்மியா கீது. வல்லாரை குடு. ஒரே மாசம். அப்புறம் பாரு, ரேடியோ மாதிரி பேசும்.”

“ரேடியோ நாம கேட்டா பதில் சொல்லுமாடா?” என்றேன். கனகம் உடனே என்னையும் கூடையையும் ஏரிக்கரைக்கு அனுப்பினாள்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

வல்லாரைத் துவையல். வல்லாரைக் கூட்டு. வல்லாரை தோசை. நேற்று காபியில் ஏதோ பச்சையாக மிதந்தது. ஊதி ஒதுக்கிவிட்டுக் குடித்தேன்.

மூன்று பேருக்கும் ஞாபகசக்தி வளர்ந்துகொண்டிருக்கிறது. இன்று வல்லாரைச் சாதம் கட்டிய டிபன் பாக்ஸைக் கம்பெனி பஸ்ஸிலேயே மறந்துவிட்டு இறங்கிவிட்டேன்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

சோதனை வைத்தேன். ஒரு தட்டில் பத்துப் பொருட்கள்: சாவி, பொத்தான், தீப்பெட்டி, சீப்பு, இப்படி. ஒரு நிமிடம் பார்க்க வேண்டும். அப்புறம் துண்டால் மூடிவிட்டு ஒவ்வொருவராகச் சொல்ல வேண்டும்.

அமலா நாலு சொன்னாள். சரி, இவளுக்கு எப்படிச் செய்ய வேண்டும் என்று காட்டுவோம் என்று நானே முயன்றேன். மூன்று சொன்னேன். நானே எடுத்து அடுக்கிய பொருட்கள்!

கனகம் பத்தும் சொன்னாள். “தட்டு ஓரத்துல நேத்து சாம்பார் காஞ்சிகினு கீது, அதையும் சேத்தா பதினொண்ணு. நீதான தேய்ச்ச?” என்றாள்.

இனி சோதனை கிடையாது.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

குமாரவேல் மறுபடியும் வந்தான். வல்லாரை போதாதாம். ரத்தம் தலைக்குப் போக வேண்டுமாம். தலைகீழாக நிற்க வேண்டுமாம். “மொதல்ல பெரியவங்க செஞ்சி காட்டணும் மாமா, அப்பதான் கொழந்தைக்குப் பயம் போவும்.”

காட்டினேன்.

கொஞ்ச நேரம் நின்றேன் என்பதை இங்கே பதிவு செய்கிறேன், ஏனென்றால் வீட்டில் யாரும் அதை ஒப்புக்கொள்ளவில்லை. அப்புறம் கால் எந்தப் பக்கம் போகிறது என்று தெரியாமல் குடத்தின் மேல் சாய்ந்தேன். குடம் உருண்டது. நான் உருண்டேன். தண்ணீர் நேராக அரிசி மூட்டைக்குப் போனது.

குமாரவேல் தன் கடையில் யாரோ காத்திருப்பதாகச் சொல்லிக் கிளம்பிவிட்டான். ஞாயிற்றுக்கிழமை கடை ஏது?

ஆகஸ்ட் 19, திங்கள்

கழுத்து இடப்பக்கம் திரும்பவில்லை. லைனில் எல்லாரையும் ஓரக்கண்ணால் பார்க்க வேண்டியிருந்தது. சூப்பர்வைசர், “இன்னா ஜீவானந்தம், மொறைக்கற?” என்றார். தலைகீழாக நின்றதைச் சொன்னேன். அதற்கு முறைத்திருந்தால்கூடப் பரவாயில்லை என்பதுபோல் பார்த்தார்.

ஆகஸ்ட் 30, வெள்ளி

பள்ளிக்கூடத்தில் கூப்பிட்டிருந்தார்கள். ஹெட்மாஸ்டர் தாண்டவராயன் நாற்காலி காட்டினார். நாற்காலி காட்டினால் விஷயம் பெரியது.

“உங்க பொண்ணு நல்ல பொண்ணுங்க. சண்ட போடாது, பொய் பேசாது. ஆனா கேட்டா பதில் வரல. கரும்பலகையில எழுதிப் போட்டா பாதி எழுதறதுக்குள்ள மணி அடிச்சிடுது. காலாண்டுப் பரீட்சை வரைக்கும் பாப்போம். அப்பவும் இப்டின்னா மூணாங்கிளாஸ்ல ஒக்கார வெச்சிடறேன்.”

அஞ்சாவதிலிருந்து மூணாவதுக்கா? அவளைவிட ஒரு முழம் குட்டையான பிள்ளைகளோடா? அமலாவே வயதுக்குக் குட்டைதான். இருந்தாலும் அது அநியாயம் இல்லையா.

ராஜலட்சுமி டீச்சர் வாசல் வரை வந்தார். “சார், அவ ரெண்டாங்கிளாஸ்ல நல்லா படிச்சிகினு இருந்தா. இந்த ரெண்டு வருஷமாத்தான் இப்டி. கதை சொன்னா நல்லா புரியுது. அவளே வாயால அழகா சொல்றா. கணக்குன்னா, எழுதுன்னா நின்னுடறா. சின்ன வயசுல ஒடம்பு சரியில்லாம இருந்துச்சின்னு சொன்னாங்களே, அந்த டாக்டரைப் பாக்கக் கூடாதா?”

அந்த டாக்டர். நாங்கள் இரண்டு பேரும் அந்தப் பேச்சை எடுப்பதே இல்லை. நாலு வயதில் அமலாவுக்கு ரத்தப் புற்றுநோய். ஒரு வருஷம் மெட்ராஸ் ஆஸ்பத்திரிதான் வீடு, அப்புறம் இரண்டு வருஷம் போய்ப் போய் வந்தோம். ஊசி, மாத்திரை, தலைக்குக் கதிர் வைத்தியம். மொட்டைத்தலையோடு என் தோளில் உட்கார்ந்து வார்டில் இருக்கிற எல்லாருக்கும் டாட்டா காட்டுவாள். போயிடுச்சி, முழுசா போயிடுச்சி என்று சொல்லி அனுப்பினார்கள். வருஷத்துக்கு ஒரு தடவை ஊர்ப்பக்கத்து ஆஸ்பத்திரியிலேயே ரத்தம் பார்த்தால் போதும் என்றார்கள்.

அது திரும்பி வந்திருக்குமோ? கனகத்திடம் கேட்கவில்லை. அவளும் என்னிடம் கேட்கவில்லை. ராத்திரி அவள் கத்திரிக்காய்க் குழம்பு வைத்தாள். வல்லாரை இல்லை.

செப்டம்பர் 5, வியாழன்

மெட்ராஸ். டாக்டர் சுந்தராம்பாளுக்குத் தலை நரைத்துவிட்டது. அமலாவைப் பார்த்ததும், “யாரு, டாட்டா பாப்பாவா?” என்றார்.

ரத்தம் எடுத்தார்கள். நோய் திரும்பவில்லை. அதைச் சொன்னதும் கனகம் அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். நான் டாக்டரை இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன்.

பள்ளிக்கூட விஷயத்தைச் சொன்னோம். டாக்டர் குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு அமலாவிடம் சின்னச் சின்னக் கேள்விகள். ஒவ்வொன்றும் கேட்டுவிட்டு மேஜையில் கையை மடித்து வைத்துக்கொண்டு சும்மா இருந்தார். இரண்டு தடவை பதிலை நானே சொல்லிவிட்டேன். ஒன்று தப்பு.

தலையை ஸ்கேன் எடுக்க வேண்டும் என்றார். பெரிய வளையம் மாதிரி ஒரு மிஷின், அதற்குள் பலகையில் படுக்க வைத்துத் தள்ளினார்கள். அமலா அசையவே இல்லை. “எவ்ளோ சமத்து” என்று டெக்னீஷியன் மெச்சினார். வெளியே வந்து, பஸ் ஏறி, பூந்தமல்லி தாண்டியதும், “அப்பா, அசையாதேன்னாங்களே, இப்ப அசையலாமா?” என்றாள்.

அதுவரை பஸ்ஸில் பொம்மை மாதிரி உட்கார்ந்திருந்தது ஏன் என்று அப்போதுதான் புரிந்தது.

செப்டம்பர் 12, வியாழன்

எழுதிவிடுகிறேன். இல்லாவிட்டால் நாளைக்கு வேறு மாதிரி ஞாபகம் இருக்கும்.

டாக்டர் படத்தை விளக்குப் பெட்டியில் மாட்டினார். வெட்டின வெங்காயம் மாதிரி வரிசையாக வட்டங்கள். அமலாவும் எங்களோடுதான் இருந்தாள்.

“மூளையில ஒரு இடத்துலேர்ந்து இன்னொரு இடத்துக்குச் செய்தி கொண்டு போற நாருங்க கோடிக்கணக்கா இருக்கு. அது மேல கொழுப்பால ஆன ஒரு உறை. வெள்ளையா இருக்கும். அதனால அந்தப் பகுதிக்கு வெள்ளைப் பொருள்னே பேரு. உறை நல்லா இருந்தாத்தான் செய்தி வேகமா ஓடும். சின்னக் குழந்தைங்களுக்கு அந்த உறை அப்பத்தான் வளர்ந்துகிட்டு இருக்கும். அந்தச் சமயத்துல தலைக்குக் கதிர் குடுத்தோம். அது நோயையும் அடிச்சுது, இதையும் கொஞ்சம் அடிச்சிருக்கு. உடனே தெரியாது. வருஷங்க கழிச்சுத்தான் தெரியும்.” படத்தில் இரண்டு பக்கமும் மங்கலாக இருந்த இடத்தைப் பேனாவால் காட்டினார்.

“ஒயர் மேல இருக்கற தோல் மாதிரியா டாக்டர்?” என்றேன்.

“கிட்டத்தட்ட.”

“பிரிச்சி வேற ஒயர் போட முடியாதா?”

கனகம் தொடையில் கிள்ளினாள். டாக்டர் சிரிக்கவில்லை. “முடிஞ்சா நானே போட்டிருப்பேன் சார்” என்றார்.

அப்புறம் சொன்னதெல்லாம்: இது மந்தம் இல்லை. சோம்பல் இல்லை. புத்தி இருக்கிறது, பேச்சு இருக்கிறது. பதில் வந்து சேர நேரமாகிறது. பாதி வழியில் வரும்போது அடுத்த கேள்வியைப் போட்டால் வந்தது திரும்பிப் போய்விடும். தானாகச் சரியாகிவிடும் என்று சொல்ல மாட்டேன் என்றார். இன்னும் கொஞ்சம் மெதுவாகவும் ஆகலாம், வருஷா வருஷம் பார்ப்போம் என்றார். மருந்து கிடையாது. அவகாசம் கொடுங்கள். ஒரு நேரத்தில் ஒரு விஷயம். முன் பெஞ்சு. எழுத முடியாததை வாயால் சொல்லச் சொல்லுங்கள்.

“அன்னிக்கு அது குடுக்காம இருந்திருந்தா?” கனகம்தான் கேட்டாள்.

“நோய் மூளையில ஒளிஞ்சிருந்து திரும்பி வரும்மா. நிறைய குழந்தைங்களுக்கு அப்படி வந்திருக்கு. அன்னிக்கு எங்க கையில இருந்த வழி அது. இப்ப பல குழந்தைங்களுக்கு அளவைக் குறைக்கறோம், சில பேருக்குக் குடுக்காமலே பாக்கறோம். உங்க பொண்ணு மாதிரி குழந்தைங்களைப் பார்த்துத்தான் கத்துகிட்டோம்.” இதைச் சொல்லும்போது அவர் எங்கள் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னார். வேறு யாராவது இருந்தால் ஜன்னலைப் பார்த்திருப்பார்கள்.

அப்போது அமலா படத்தைக் காட்டி, “டாக்டர், இது என் தலையா?” என்றாள்.

“ஆமாம்மா.”

“காது எங்க?”

டாக்டர் சிரித்துவிட்டார். கனகமும் சிரித்தாள், சிரித்துக்கொண்டே முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

செப்டம்பர் 13, வெள்ளி

வேலைக்குப் போகவில்லை. காச்சல்னு சொல்லி அனுப்பிட்டேன்.

நான்தான் சரின்னு தலையாட்டினது. எண்பத்தாறுல. பெரிய டாக்டருங்க எல்லாம் சுத்தி நின்னாங்க, பக்க விளைவு இருக்கும்னும் சொன்னாங்க, இங்கிலீஷும் தமிழும் கலந்து. நான் ஆமாம் ஆமாம்னேன். இன்னா புரிஞ்சிது எனக்கு? ஒண்ணும் புரியல. கேட்டிருக்கலாம் இல்ல? வாயத் தொறந்து ஒரு வார்த்த கேட்டிருக்கலாம் இல்ல? எதுக்கெடுத்தாலும் பேசற வாய், அன்னிக்கு எங்க போச்சி?

செப்டம்பர் 15, ஞாயிறு

கனகம் துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மேலே எழுதியதை அவளிடம் சொன்னேன். அவள் அடித்துத் துவைப்பதை நிறுத்தவில்லை. என் சட்டைதான். காலர் போய்விட்டது.

“ரெண்டு படுக்கை தள்ளி திண்டிவனத்துப் பொண்ணு ஒண்ணு இருந்துச்சே, ஞாபகம் கீதா?”

இருந்தது. பச்சை கவுன்.

“அதுக்கு நோவு தலைக்கு ஏறிப் போச்சி. அவங்கம்மா இப்பவும் எனக்குப் பொங்கலுக்குக் கார்டு போடறா. அமலா எப்டி கீறா, எத்தினாவது படிக்கறான்னு கேட்டு. நீ மாட்டேன்னு சொல்லியிருந்தா இன்னிக்கு நான் யாருக்குக் கார்டு போட்டுகினு இருப்பேன்?”

வாளியை அவள் பக்கம் நகர்த்தி வைத்தேன்.

“மெதுவா வந்தா இன்னா? வருது இல்ல? நமக்கு இன்னா ரயிலா போவுது?” என்றாள். பிறகு சட்டையை உதறிப் பார்த்துவிட்டு, “இந்த காலரு இனி வராது” என்றாள்.

அமலா வந்து எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு, “எதுக்குச் சிரிக்கறீங்க?” என்றாள். நாங்கள் அப்போது அழுதுகொண்டிருந்தோம். கொஞ்ச நேரம் கழித்து நிஜமாகவே சிரித்தோம். ஒருவேளை அவள் இந்தத் தடவை முன்னாலேயே வந்துவிட்டாளோ என்னவோ.

செப்டம்பர் 24, செவ்வாய்

இதை ஒழுங்காக எழுத வேண்டும்.

காலாண்டு முடிந்தது. எல்லாத் தாளிலும் பாதிக்கு மேல் வெள்ளை. எழுதின வரைக்கும் சரி. இரண்டாம் ஷிப்ட் என்பதால் காலையில் டாக்டர் எழுதிக் கொடுத்ததை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போனேன். ஹெட்மாஸ்டர், ராஜலட்சுமி டீச்சர், நான், நடுவில் அமலா.

ஹெட்மாஸ்டர் படித்தார். மடித்தார். “பாவம்தான். ஆனா பரீட்சைன்னா எல்லாருக்கும் ஒரே மணி. ரூல் அப்டி. கூட நேரம் குடுக்க எனக்கு அதிகாரம் இல்ல. மூணாங்கிளாஸ்னா அவளுக்கும் சுலபம்.”

“சார், நேரம் குடுத்தா சொல்லுவா” என்றார் டீச்சர்.

“சரி, இப்பவே பாப்போம். அமலா, ஏழெட்டு எவ்ளோ?”

அமலா ஜன்னலைப் பார்த்தாள். வெளியே மழை விட்டுச் சொட்டிக்கொண்டிருந்தது. ஹெட்மாஸ்டர் காத்திருந்தார், அதாவது ஒரு தடவை மூச்சு விட்டார். “பாத்தீங்களா?” என்று என்னிடம் திரும்பி, ரூலைப் பற்றி மறுபடி ஆரம்பித்தார்.

அந்த நேரத்தில்தான் சத்துணவு சமைக்கும் கன்னியம்மா ஜன்னலில் தலையை நீட்டி, “சார், மழையில பாதிப் புள்ளைங்க வரலையே, இன்னிக்கு எத்தினி பேருக்கு அரிசி போடறது?” என்றாள். ஹெட்மாஸ்டர் வருகைப் பதிவைத் தேடிக் கையை நீட்டினார்.

“அம்பத்தாறு!” என்றாள் அமலா. கணீரென்று.

“செரி” என்று கன்னியம்மா போய்விட்டாள். நாங்கள் வாக்குவாதத்தில் இருந்தோம். ஹெட்மாஸ்டர் கன்னியம்மாவுக்கு டீச்சர் ஏதோ சொல்லிவிட்டதாக நினைத்தார். டீச்சர் ஹெட்மாஸ்டர் சொன்னதாக நினைத்தார். நான் என்ன நினைத்தேன் என்று எனக்கே தெரியாது, நான் கத்திக்கொண்டிருந்தேன்.

வாக்குவாதம் முடிவதற்குள் மத்தியானம் மணி அடித்தது. வந்திருந்தவர்கள் முப்பது பிள்ளைகள்கூட இல்லை. அண்டாவில் சோறு மலை மாதிரி இருந்தது. பிள்ளைகள் இரண்டாம் முறை வாங்கினார்கள், மூன்றாம் முறை வாங்கினார்கள், ஒருவன் படுத்துவிட்டான்.

“எவன்மா அம்பத்தாறுன்னு சொன்னது?” என்று ஹெட்மாஸ்டர் கத்தினார்.

“உங்க ரூமுலேர்ந்துதான் சார் சத்தம் வந்துச்சி. பொம்பளக் கொரலு” என்றாள் கன்னியம்மா.

ராஜலட்சுமி டீச்சர் கரண்டியோடு அப்படியே நின்றார். மெதுவாக ஹெட்மாஸ்டரைத் திரும்பிப் பார்த்தார்.

“சார், ஏழெட்டு எவ்ளோ?”

“ஏம்மா இப்ப? அம்ப...” என்று ஆரம்பித்தவர் நிறுத்திவிட்டார். முற்றத்தில் வரிசையாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த அமலாவைப் பார்த்தார். அவள் முட்டையை உரித்துக்கொண்டிருந்தாள்.

பேச எவ்வளவோ இருந்தது. என்னால் முடிந்தது, “சார், தட்டு ஒண்ணு குடுங்க, நானும் சாப்பிடறேன், சோறு வீணாவுது” என்பதுதான்.

நான் சாப்பிட்டேன். டீச்சர் சாப்பிட்டார். ஹெட்மாஸ்டரும் உட்கார்ந்தார். ரோட்டில் போன மாட்டுக்காரர் எல்லப்பனைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். அப்புறமும் காக்காய்க்கு மிஞ்சியது.

கை கழுவும்போது ஹெட்மாஸ்டர் என்னிடம், “அரையாண்டுல ஒரு மணி நேரம் கூட எழுதட்டும். ரூல் புஸ்தகத்துல நான் தேட மாட்டேன். நீங்களும் தேடாதீங்க. ஆனா ஸ்கூல் வுட்டப்புறம் வாட்ச்மேன் யாரும் கெடையாது, நீங்க வந்து ஒக்காரணும்” என்றார்.

“அஞ்சாங்கிளாஸ்ல?”

“அஞ்சாங்கிளாஸ்லதான். அரையாண்டு வரைக்கும்.”

செப்டம்பர் 25, புதன்

வயிறு சரியில்லை.

அக்டோபர் 20, ஞாயிறு

வீட்டில் இப்போது ஒரு நேரத்தில் ஒரு விஷயம். “செருப்ப வுட்டுட்டு, கைகால் கழுவிகினு, பாவாடைய மாத்திகினு, வந்து சாப்புடு” என்று முன்பெல்லாம் ஒரே மூச்சில் சொல்வேன். அமலா செருப்போடு வந்து சாப்பிட உட்காருவாள், நான் கத்துவேன். இப்போது “செருப்பு” என்கிறேன். அது முடிந்ததும் “கை” என்கிறேன். கனகம், “இன்னா, தந்தி குடுக்கறயா?” என்கிறாள்.

கஷ்டம் செருப்பில் இல்லை. கேள்வி கேட்டுவிட்டுச் சும்மா இருப்பதில்தான். நான் பதிலை எடுத்துக் கொடுத்துவிடுகிறேன். அது வாய்க்குள்ளிருந்து தானாக வருகிறது. கனகம் ஒரு வழி சொன்னாள். கேள்வி கேட்டதும் ஒரு வாய் தண்ணீர் குடித்து, விழுங்காமல் வைத்துக்கொள்ள வேண்டும். அமலா பதில் சொன்ன பிறகுதான் விழுங்கலாம்.

முதல் கணக்குக்கே கன்னம் இரண்டும் புடைத்து உட்கார்ந்திருந்தேன். அமலா என்னையே பார்த்தாள். “அப்பா, நீ கொரங்கு மாதிரியே கீற” என்றாள். சுவர் முழுக்கத் தண்ணீர்.

ஆனால் கணக்குக்கும் பதில் வந்தது. சுவரைத் துடைத்து முடித்த பிறகு.

நவம்பர் 5, செவ்வாய், தீபாவளி

ராத்திரி முழுக்க மழை. வெடியெல்லாம் நமுத்துப் போய்விட்டது. ஒன்றைப் பற்ற வைத்தேன், வெடிக்கவில்லை. என்னவென்று பார்க்கக் குனிந்தேன், வெடித்தது. லுங்கி ஓரம் போயிற்று, எனக்கு ஒன்றும் இல்லை. நான் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்து லுங்கியை மாற்றிக்கொண்டிருக்கும்போது வாசலிலிருந்து அமலா, “அப்பா, கிட்டப் போவாதே!” என்று அலறினாள்.

சொல்ல நினைத்திருக்கிறாள். எனக்கு அது போதும். கனகத்துக்குப் போதவில்லை. மீதி வெடியைத் தூக்கிக் கூரை எறவாணத்தில் செருகிவிட்டாள்.

டிசம்பர் 16, திங்கள்

அரையாண்டு கணக்குப் பரீட்சை. ஷிப்ட் மாற்றிக்கொண்டு போனேன். மணி அடித்ததும் எல்லாப் பிள்ளைகளும் கூச்சல் போட்டுக்கொண்டு ஓடின. அமலா மட்டும் முன் பெஞ்சில். டீச்சர் நாற்காலியில் உட்கார்ந்து ஒயர் கூடை பின்னிக்கொண்டிருந்தார். நான் ஜன்னலுக்கு வெளியே.

அவள் எழுதவில்லை. பென்சிலைப் பிடித்துக்கொண்டு கூரையைப் பார்த்தாள். மறந்துவிட்டாளா? கேள்வியே மறந்துவிட்டதா? அப்புறம் குனிந்து ஒரு வரி எழுதினாள். மறுபடி கூரை.

ஒரு நாய் வகுப்புக்குள் வந்தது. நேராக அமலாவின் பெஞ்சுக்குப் பக்கத்தில் போய்ப் படுத்தது. அவள் அதைப் பார்க்க ஆரம்பித்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். “அடச்சீ, போ வெளிய!” என்று ஜன்னல் கம்பியைத் தட்டிக் கத்தினேன். நாய் அசையவில்லை. அமலா திடுக்கிட்டுப் பென்சிலைக் கீழே போட்டாள். டீச்சர் கூடையோடு எழுந்து வந்து, “சார், நாயால ஒண்ணும் இல்ல. நீங்கதான் தொந்தரவு. ரோட்டாண்ட போயி நில்லுங்க” என்றார்.

ரோட்டோரம் புளியமரத்தடியில் நின்றேன். லாரிகள் ஒரகடம் பக்கம் போய்க்கொண்டே இருந்தன. எவ்வளவு நேரம் என்று பார்க்கவில்லை. கைக்கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுவிட்டேன்.

அப்புறம் அவள் பையை இழுத்துக்கொண்டு வந்தாள். பின்னாலேயே நாய்.

“முடிச்சிட்டேன்பா.”

“எல்லாத்தையுமா?”

யோசித்தாள். நடந்தோம். பெருமாள் கோயில் தாண்டி, ஏரிக்கரை தாண்டி, வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது சொன்னாள்: “ஒண்ணத் தவிர.”

டிசம்பர் 23, திங்கள்

கணக்கு நாற்பத்தொன்று. தமிழ் ஐம்பத்தெட்டு. அறிவியல் பாஸ். சமூக அறிவியலில் இரண்டு மார்க் போதவில்லை. ஆறுகளின் பெயர் எழுதச் சொன்னதில் ஊர் ஏரி மதகையெல்லாம் எழுதி வைத்திருக்கிறாள்.

மூணாங்கிளாஸ் பேச்சு இல்லை. ஹெட்மாஸ்டர் நாற்காலி காட்டவில்லை. வாசலிலேயே நின்று, “முழு ஆண்டுப் பரீட்சைக்கும் வந்து ஒக்காருங்க. ஆனா ரோட்டுல” என்றார்.

கனகம் மார்க் அட்டையைப் பார்த்துவிட்டு அரிசி களைய உட்கார்ந்தாள். ஒரே அரிசியை எத்தனை தடவை களைந்தாள் என்று தெரியவில்லை.

வருஷா வருஷம் பார்ப்போம் என்று டாக்டர் சொன்னது ஞாபகம் இருக்கிறது. இன்னும் மெதுவாகவும் ஆகலாம் என்றதும் ஞாபகம் இருக்கிறது. இன்றைக்கு அதை எழுதி வைக்கிறேன், அவ்வளவுதான்.

டிசம்பர் 29, ஞாயிறு

பொங்கலுக்குத் துணி எடுக்க மூன்று பேரும் காஞ்சிபுரம் கிளம்பினோம். ஸ்ரீபெரும்புதூரில் பஸ் ஏறினால் நிற்க இடமில்லை. கனகம் முன்னால் மாட்டிக்கொண்டாள், நானும் அமலாவும் படிக்கட்டுப் பக்கம். டிக்கெட்டை நான்தான் வாங்குவேன் என்று அமலா காலையிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தாள். பணத்தைக் கையில் கொடுத்திருந்தேன்.

கண்டக்டர் விரல் இடுக்கில் நோட்டுகளோடு நெருக்கிக்கொண்டு வந்தார். “எங்க போவணும் பாப்பா? எத்தினி பேரு? சீக்கிரம் சொல்லு.”

அமலா அவர் வாயைப் பார்த்தாள். எனக்குத் தெரிந்த அதே பார்வை. ‘தெரியல’ என்று சொல்லப் போகிறாள், இப்போது சொல்லப் போகிறாள் என்று நினைத்தேன். பின்னால் ஒருவர், “யாருன்னா பெரியவங்க வாங்குங்கப்பா” என்றார். கண்டக்டர் என்னைப் பார்த்தார். மூன்று தடவை பதில் என் வாய் வரை வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு மேலே கம்பியைப் பார்த்தேன்.

“இருண்ணா” என்றாள் அமலா. “யோசிச்சிகினு கீறேன். எனக்கு லேட்டாத்தான் வரும்.”

கண்டக்டர் என்ன நினைத்தாரோ. விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு, இருக்கைக் கம்பியில் சாய்ந்து நின்றார். பஸ் சுங்குவார்சத்திரத்தில் நின்றது, ஆட்கள் இறங்கினார்கள், ஏறினார்கள், மறுபடி கிளம்பியது.

“காஞ்சிபுரம். ரெண்டு முழுசு, ஒரு அரை” என்றாள் அமலா. அப்புறம் முன்பக்கம் கையை நீட்டி, “ஒரு முழுசு அங்க கீது. எங்கம்மா” என்றாள்.